பதினெட்டு

தேசப்பன் கை விரித்தால் ஒரு பாகம்.
கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து
அப்படித்தான் அளந்தார்.
பதினாறு என்றார்.

என் அட்டையில் மீட்டரில் போட்டிருக்கிறது,
பதினெட்டு.
பாகத்தில் சொன்னால் பத்து.

பாக்கி ஆறு.
காசிமேட்டு ஏலத்தில் ஒரு வஞ்சிரத்தைச் சுற்றி
அதைவிடக் கூட்டம் நிற்கும்.
"அவ்ளோதானேம்மா" என்றார்.

எண்ணூர்ப் புகைபோக்கி இரண்டும்
ஒன்றாகத் தெரிகிற இடத்தில்
என்றைக்கோ கவிழ்ந்த பார்ஜ் ஒன்று கிடக்கிறது.
அதன் வாய்க்குள் சிக்கியிருக்கிறது வலை.
ஒன்றேமுக்கால் லட்சம். பாதி வட்டிக்கு வாங்கியது.
வாய்க்குள் என்பதைப்
படகேறிய பிறகுதான் சொன்னார்கள்.

நான் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள்.
நாலு வாரம் சனி ஞாயிறு புதுச்சேரிக்கு பஸ் ஏறி
நீருக்கடியில் மூச்சுவிடக் கற்றேன்.
முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் ஊதித் தள்ளத் தெரியும்.
கூட வருபவனின் காற்றில் பங்கு கேட்கத் தெரியும்.
முப்பது மீட்டரில் புத்தி கள் குடித்தாற்போல் ஆகலாமாம்,
அது புத்தகத்தில் ஒரு பக்கம்.
தலைக்கு மேல் இரும்புக் கூரை இருந்தால் என்ன செய்வதென்று
அந்த ஒரு பக்கமும் இல்லை.

நீவாடு அடங்கியிருந்த காலை.
யூசுப்பும் நானும் கயிற்றைப் பிடித்து இறங்கினோம்.
ஐந்தில் டீ நிறம்.
பத்தில் பாசி.
பதினைந்தில்
என் சிவப்புக் கையுறை சிவப்பென்பது
வெறும் ஞாபகமாகிவிட்டது.
பதினெட்டில் நின்றேன்.

கயிறு நிற்கவில்லை.
அது தன்பாட்டுக்கு இறங்கிப் போனது.
கீழே ஏதோ கறுப்பாக இருந்தது,
பார்ஜா, பார்ஜ் என்று நான் நினைத்துக்கொண்டதா.
ஒரு மிதவை மட்டும்
யாரோ தலையசைப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

யூசுப் கட்டைவிரலைக் கீழே காட்டினான்.
அவனிடம் இருப்பதும் இதே அட்டைதான்.
சிலிண்டரில் நூற்று நாற்பது இருந்தது.
மணிக்கட்டில் கருவி சமர்த்தாக எண் காட்டியது.
எதுவும் என்னைத் தடுக்கவில்லை,
அதைத்தான் சொல்ல வந்தேன்.
வேலி இல்லை, கேட் இல்லை,
விசில் ஊதுகிற ஆள் இல்லை.
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
ஒரே தண்ணீர்.
கோட்டை நான்தான் கொண்டுபோயிருந்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலில் போடுவது
என்னையே என்றால்?

கட்டைவிரலை மேலே காட்டினேன்.
கரையில் அதற்கு சபாஷ் என்று அர்த்தம்.
நீருக்குள், போதும், ஏறு.
அவன் அசையவில்லை.
மறுபடி காட்டினேன்.
மூன்றாவது தடவையும் காட்டவேண்டி வந்திருந்தால்
என்ன செய்திருப்பேன் என்பது
எனக்கு இன்னும் தெரியாது.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்.
கொடியில் காயப்போட்ட சட்டைகள்போல் இரண்டு பேர்.

படகில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.
"பொம்பளைய இட்டாந்தா..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது,
முடிக்கவில்லை.
தேசப்பன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.
பதினாறு பாகமும் சத்தமில்லாமல் உள்ளே போனது.
டீ கொடுத்தார்கள். சர்க்கரை தூக்கல்.
குடித்தேன்.

அந்த வாரம் வேறு யாராவது இறங்கிச் செத்தார்கள்,
ஆகவே நான் செய்தது சரி என்று சொல்ல
என்னிடம் கதை எதுவும் இல்லை.
யாரும் இறங்கவில்லை.
வலை போனது. வட்டி ஓடுகிறது.

இப்போது காசிமேட்டில் என் பேர் பதினெட்டு.
எமில்டா என்று கூப்பிட்டால்
எனக்கே திரும்பத் தோன்றுவதில்லை.
விடியற்காலை ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே
"டேய், பதினெட்டு வருது, மூட்டையை ஒயுங்கா எண்ணு" என்கிறார்கள்.
சிரிப்பு.

நேற்று தேசப்பன் கணக்கு மேஜை ஓரம் வந்து நின்றார்.
பாக்கிச் சீட்டைப் புரட்டினார், வைத்தார்.
"முப்பதுக்குப் படிக்க எவ்ளோ ஆவும்?"

சொன்னேன்.
உள்ளே நுழையத் தனிப் படிப்பு, அதற்கு வேறே, என்றும் சொன்னேன்.

கையை விரிக்கவில்லை.
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.